சுண்ணாம்புச் சந்து

எங்கள் சங்கத்துக்கு வட்டார வரலாற்றுச் சங்கம் என்று பெயர் வைத்தபோதே நான் வேண்டாம் என்றேன். வரலாறு என்ற சொல் காதில் விழுந்தால் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து ராஜாவைக் கேட்கிறார்கள். தாராவியில் நான் ராஜாவுக்கு எங்கே போவேன்? என் பேச்சை யாரும் கேட்கவில்லை. பலகை எழுதி, ஆணி அடித்து, மாட்டியே விட்டார்கள். தோல் பை தைக்கிற பட்டறையின் வாசலில் அந்தப் பலகை தொங்கியதால், முதல் மாதம் சங்கத்தைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் ஜிப் மாற்ற வந்தவர்கள்.

பட்டறை எங்கள் பொருளாளருடையது. பூர்வீகம் தென்காசிப் பக்கம், ஊருக்கே பாய். சங்கக் கூட்டம் அங்கேதான் நடக்கும். தையல் மெஷின்களுக்கு நடுவே, பசை வாடையில், தைத்து முடிக்காத பைகளின் மேல் உட்கார்ந்து பேசுவோம். உறுப்பினர்கள் நிறையப் பேர் உண்டு. கூட்டத்துக்கு வருகிறவர்கள் மூன்று பேர்தான்: பாய், தலைவர், செயலாளராகிய நான்.

தலைவர் மாட்டுங்காக்காரர். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரத்தில், தாத்தா காலத்திலிருந்து ஒரே வீடு. பெரிய கம்பெனி ஒன்றில் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்து, தலை நரைக்கும் வரைக்கும் தாராவிக்குள் காலெடுத்து வைக்காதவர். ஒரு நாள் பை வாங்க வந்தார். பாய் ஒரு டீ கொடுத்துப் பழைய கதை நாலு சொன்னார். அன்றையிலிருந்து மனிதருக்குத் தாராவிப் பைத்தியம் பிடித்துவிட்டது. நல்லவர், ஆனால் எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். என் கோபத்தைக்கூட ஒரு நாள் அளந்து பார்ப்பார் என்றுதான் நினைத்தேன்.

சங்கம் என்றால் நிகழ்ச்சி நடத்தியாக வேண்டும். முதல் நிகழ்ச்சி தலைவரின் சொற்பொழிவு. தலைப்பு, 'மாட்டுங்காவின் தெருக்கள் ஏன் நேராக இருக்கின்றன'. இதைத் தாராவியில் வைத்துப் பேசாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். பேசினார். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்து, "அப்ப எங்க தெரு கோணல்ங்கீங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். தலைவருக்கு வேர்த்துவிட்டது. பாய் சமோசா தட்டை முன்னால் நீட்டி மானத்தைக் காப்பாற்றினார்.

இரண்டாவது, வரலாற்று நடை. காலையில் கிளம்பி, தாராவியின் பழைய இடங்களை எல்லாம் நடந்தே பார்ப்பது என்று திட்டம். முதல் சந்தின் முதல் வீட்டில், "எங்க வீட்டைத் தாண்டிப் போவீங்களோ?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து டீ கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். அங்கே டீயோடு முறுக்கு. மூன்றாவது வீட்டில் கேசரி கிளறத் தொடங்கிவிட்டார்கள். மத்தியானம் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது பார்த்து முடித்திருந்தது அரைச் சந்து.

மூன்றாவதுதான் இந்தக் கதைக்கு ஆரம்பம். பழைய போட்டோ கொண்டு வாருங்கள் என்று அறிவித்தோம். எதற்கென்றால், நானும் பாயும் பிறந்து வளர்ந்த சந்து இப்போது இல்லை. இடித்துவிட்டு அந்த இடத்தில் உயரமாக ஒரு பில்டிங் கட்டிவிட்டார்கள். அந்த பில்டிங்கின் கீழ்த்தளத்தில் ஒரு ஹால் இருக்கிறது. அதன் சுவரில் பழைய சந்தைப் படமாக வரைந்து வைக்கலாமா என்று பில்டிங்காரர்களைக் கேட்டோம். அந்தச் சுவரில் ஈரக் கறை பரவி அசிங்கமாக இருந்ததால் உடனே சம்மதித்துவிட்டார்கள். சந்து எப்படி இருந்தது என்று பார்த்து வரைய போட்டோ வேண்டும்.

போட்டோக்கள் குவிந்தன. ஒன்றில்கூடச் சந்து இல்லை. எல்லாம் ஸ்டூடியோப் படங்கள். பின்னால் திரையில் தாஜ்மகால், ஊஞ்சல், சுவிட்சர்லாந்து மாதிரி ஒரு மலை. பாயின் கல்யாணப் போட்டோவில் அவர் ஒரு நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிற்கிறார். காசு கொடுத்து எடுக்கிற படத்தில் போய் யாராவது சாக்கடையை எடுப்பார்களா? தலைவர் ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கதவு கூட இல்லையேம்மா" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "போட்டோ இல்லேன்னா என்ன சார்? ஆள் இருக்காங்கல்ல? அவங்கவங்க வீடு இருந்த எடத்துல அவங்கவங்களையே நிக்க வையுங்க, அதைப் பார்த்து வரைங்க" என்று கத்தினேன்.

கோபத்தில் சொன்ன பேச்சு. தலைவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "பேஷ்" என்றார். "ஒரு மைதானத்துல சந்தை முழு அளவுல கோடு போட்டுடலாம்."

ஆயிற்று. பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கினோம். எங்கள் சந்தைப் போலவே கட்டிய பக்கத்துச் சந்து இன்னும் இடிபடாமல் இருக்கிறது. தலைவர் அங்கே போய் வீடு வீடாக நாடா பிடித்து அளந்தார், போன இடமெல்லாம் டீ குடித்தார். நான் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திலக் நகர், கோபர்கைரனே, பில்டிங்கின் மாடிகள் என்று சிதறிக் கிடந்தவர்களுக்கெல்லாம் செய்தி போயிற்று. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் நான் பேசியே அனுப்பினேன். ஒரு பையன், "ஆன்ட்டி, கானா மிலேகா க்யா?" என்று பதில் அனுப்பினான். சாப்பாடு கிடைக்கும் என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா கேட்டாள். "எல்லாரு வீட்டுக்கும் கோடு போடுதீங்க. எங்க வீடு எங்கன வருது?"

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

எங்கள் வீடு தரையில் இல்லை. சந்தில் பாய் வீட்டுக்கு எதிர்வீட்டின் தலைமேல், இரும்புச் சட்டத்தில் பலகை அடித்து, தகரக் கூரை போட்ட மேல்தட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அதை பம்பாயில் மாலா என்பார்கள். ஏறிப் போகச் சந்தில் ஓர் ஏணி, குளிக்கவும் கழுவவும் மூலையில் ஒரு மோரி. அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நாலு பேர். நான் பிறந்ததும், பரீட்சைக்குப் படித்ததும், வங்கி வேலைக்கான உத்தரவைப் பிரித்ததும் அந்தப் பலகை மேல்தான். தம்பி நிமிர்ந்து நிற்கிற வயது வந்தபோது அவனுக்கு அங்கே நிமிர முடியவில்லை. வீட்டுக்குள் இருக்கும்வரை குனிந்தே இருந்தான், இன்றும் பெரிய வாசல்களில்கூடக் குனிந்துதான் நுழைகிறான்.

கீழ்வீட்டு அம்மாளை என் அம்மா மைனி என்பாள், நான் அத்தை என்பேன். உறவு ஒன்றும் கிடையாது, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் காலையில் சண்டை, மத்தியானம் குழம்பு மாற்றிக்கொள்வது, ராத்திரி மறுபடி சண்டை. ஒருத்தர் சொல்லை மற்றவர் தாங்காதவர்கள் அல்ல, தாங்கித் தாங்கியே தொண்டை வளர்த்தவர்கள்.

பில்டிங் வரப்போகிறது என்று கணக்கெடுக்க ஆட்கள் வந்த நாளில்தான் எல்லாம் முறிந்தது. யார் யார் தரையில் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பில்டிங்கில் வீடு என்று பேச்சு. மேலே குடித்தனம் இருப்பது தெரிந்தால் தனக்கு வருவதிலும் வில்லங்கம் வந்துவிடும் என்று கீழ்வீட்டு மாமாவுக்குப் பயம். வந்தவர்கள் மேலே கையைக் காட்டிக் கேட்டபோது, சாமான் போட்டு வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அத்தை பக்கத்தில் நின்று தலையாட்டினாள். பலகை இடுக்கு வழியாக எங்களுக்கு எல்லாம் கேட்டது. அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து எட்டிப் பார்க்கப் போனவளை அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பாவம், அவர் பயந்த மனிதர். பிறகு அவர்களுக்கு பில்டிங்கில் வீடு கிடைத்தது. நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு செம்பூர்ப் பக்கம் வாடகைக்குப் போனோம்.

அதற்கப்புறம் மாமா போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். எங்களுக்குத் திலக் நகரில் சொந்த வீடு வந்தது. எல்லாம் சரியாயிற்று என்று நான் நினைத்தேன். அம்மாவுக்குச் சரியாகவில்லை. கல்யாணம், காட்சி எங்கே அத்தையைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"வீடு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அம்மா, டிவியை அவளே அணைத்துவிட்டு. "உயிரோட உக்காந்து பூண்டு உரிச்சிட்டு இருந்தவளைச் சாமான்னு சொன்னாவ. இப்ப அந்தச் செவத்துலயும் நான் இல்லேன்னா, நான் அங்க இருந்ததே இல்லேன்னு ஆயிரும்லா? நீ செக்ரட்டரி. பாத்துக்கோ."

அடுத்த கூட்டத்தில் தலைவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்னம்மா இது? சுவத்துல வரப்போறது பிளான். பிளான்னா கிரவுண்ட் ஃப்ளோர். மேல் ஃப்ளோருக்கு வேற ஷீட்டுன்னா போடணும்? ஒரே ஷீட்ல ரெண்டையும் போட்டா என்னை வேலையை விட்டே எடுத்துடுவா."

"நீங்க ரிட்டயர் ஆயாச்சு சார்."

"அதுக்காக?" என்றார். வேறு சுவர் எங்களிடம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் எங்கள் சந்து படுத்திருந்தது. பாயின் பட்டறை ஆட்கள் கயிறு பிடிக்க, தலைவர் விடிந்ததிலிருந்து கோடு போட்டிருக்கிறார். இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒற்றை ஆள் நடக்கிற அகலத்துக்குச் சந்து, கோடியில் பொதுக்குழாய் இருந்த இடத்தில் ஒரு வட்டம். பார்த்ததும் நான் எங்கள் ஏணி நின்ற இடத்தைத் தேடினேன். அது அரை நிமிஷம். அதற்குள் ஜனம் வந்துவிட்டது.

முதல் கலவரம் அளவில். சுவர் இல்லாமல், கூரை இல்லாமல், திறந்த வெளியில் வெறும் கோடாகக் கிடந்தால் எந்த வீடும் சின்னதாகத்தான் தெரியும். இது ஜனங்களுக்குப் புரியவில்லை. "இதுலயா எட்டு பேரு இருந்தோம்? கோழி கூட நிக்காதே!" என்று ஒருத்தி கத்தினாள். "எங்க அப்பா கட்டின வீடு இதைவிடப் பெரிசு" என்றார் இன்னொருவர். தலைவர் நாடாவைக் காட்டினார். நாடா பொய் சொல்கிறது என்றார்கள். கோபர்கைரனேயிலிருந்து வந்த ஒருவர் செருப்பு நுனியால் கோட்டை மெல்லத் தேய்த்துத் தேய்த்துப் பக்கத்து வீட்டுக்குள் அரை அடி தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"அரே, அப்பவும் இதே வேலையைத்தானய்யா செஞ்சே!"

பொதுக்குழாய் வட்டத்தில் இன்னும் வேடிக்கை. அது வெறும் சுண்ணாம்பு. அதில் தண்ணீர் வராது. ஆனால் வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்த வட்டத்தருகே போய் நின்று பேசத் தொடங்க, கொஞ்ச நேரத்தில் அது வரிசையாகிவிட்டது. யாரும் சொல்லவில்லை, தானாக ஆயிற்று. நடுவில் நுழைந்த ஒருத்தியை, "பின்னால போ, நாங்க எப்ப வந்தோம்" என்று விரட்டினார்கள். அவளும் போனாள். எதற்கு என்று கேட்கவில்லை. தலைவர் என் பக்கம் வந்து, "என்னம்மா, குடிக்கத் தண்ணி வைக்கலையா நாம?" என்று கவலையாகக் கேட்டார்.

பாய் அவருடைய கட்டத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலைச் சந்தில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அப்படியேதான் இருக்கு" என்றார். அவர் ஒருத்தருக்குத்தான் எல்லாம் சரியாக இருந்தது.

நான் அம்மாவை அழைத்துக்கொண்டு எதிர்க் கட்டத்துக்குப் போனேன். அத்தை ஏற்கெனவே அதன் நடுவில் நின்றிருந்தாள். பில்டிங்கிலிருந்து லிஃப்டில் இறங்கி வந்த களைப்பே இல்லை. புதுப் புடவை. அம்மாவும் புதுப் புடவைதான். இரண்டு பேரும் ஒரே கடையில் எடுத்திருப்பார்கள் போல, கரை ஒன்றாக இருந்தது. அதில் இருவருக்குமே கோபம்.

அம்மா கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள்.

"எங்க வாரே?" என்றாள் அத்தை.

"எங்க வீட்டுக்கு."

"இது எங்க வீடு."

"மேல எங்க வீடு."

"மேல ஆகாசம்லா இருக்கு" என்று அத்தை அண்ணாந்து பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கு அந்தக் கிழவியைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது, உண்மையாகவே.

தலைவர் ஓடி வந்தார். "மாமி, உங்களுக்கு வேற ஷீட்டுல போட்டுத் தரேன், கண்டிப்பா தரேன். இப்போ கொஞ்சம் ஓரமா நில்லுங்கோ. நிக்கறவா எடத்தைத்தான் நான் குறிச்சுக்கறேன்."

அம்மா ஓரமாக நிற்கவில்லை. நேராக பாயிடம் போனாள். "பாய், எந்திரிங்க." பாய் எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அத்தையின் கட்டத்து மூலையில் போட்டாள். என் தோளைப் பிடித்து அதன் மேல் ஏறி நின்றாள். மூட்டு வலிக்காரி, எழுபதைத் தாண்டியவள், வெயிலில் நாற்காலி மேல் ஆடிக்கொண்டு நிற்கிறாள். "இப்ப மேலதான் இருக்கேன். எழுதுங்க சார்" என்றாள்.

இதுதான் தப்பாகப் போயிற்று. எங்களைப் போல மாலாவில் இருந்தவர்கள் மைதானத்தின் ஓரங்களில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தர் பள்ளிக்கூட பெஞ்சைத் தூக்கி வந்தார். இன்னொருத்தர் ஸ்டூல். சாப்பாட்டுப் பந்திக்கு வைத்திருந்த நாற்காலிகள் எல்லாம் கிளம்பிவிட்டன. கண்மூடித் திறப்பதற்குள் எங்கள் சந்துக்கு ஒரு மாடி வந்துவிட்டது. கீழே நிற்கிறவர்கள் தலைக்கு மேலே இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆட்கள். மேலே நின்றவர்கள் எதிரெதிராகப் பார்த்துக் கை ஆட்டி நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

"ஷீட்டு மாறறது, ஷீட்டு மாறறது" என்று தலைவர் பிளான் செருகிய அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு புலம்பினார்.

பாய் சமாதானத்துக்கு வந்தார். "சார், மேல வீட்டைத் தரையில வரைய முடியாதுன்னா, ஏணியை வரையலாம்லா? அது சந்துலதான சாஞ்சு நின்னுச்சு. தோல் கட்டைத் தலையில வச்சுட்டு வரும்போதெல்லாம் அதுல முட்டியிருக்கேன். இந்தா பாருங்க வடு." நெற்றியைக் காட்டினார்.

தலைவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஏணியின் கால் தரையில் இருக்கும். தரையில் இருப்பது இந்த ஷீட்டில் வரலாம். அவர் பென்சிலை எடுத்தார். அதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"ஏணி எங்க ஏணி. சாமான் ஏத்த நாங்க வச்சது."

மறுபடியும் அந்தச் சொல். இத்தனை வருஷம் கழித்து, இத்தனை பேருக்கு முன்னால். பாய் நெற்றி வடுவைத் தடவிக்கொண்டார். மேலே குடித்தனம் இருந்தது என்று அவர் சொல்லியிருக்கலாம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பில்டிங்கில் வீடு வாங்கியவர்கள் பாதிப் பேர் அன்றைக்கு இதையே சொன்னவர்கள். அவரவர் கட்டத்தில் அவரவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா நாற்காலி மேல் நின்றபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தரும் நிமிரவில்லை. அழப்போகிறாள் என்று நான் பயந்தேன்.

அம்மா அழவில்லை. என்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கித் திறந்து ஒரு வாய் குடித்தாள். குடித்த வேகத்தில் நாற்காலி ஆடியது, பாட்டில் சரிந்தது. தண்ணீர் நேராக அத்தையின் தலையில் விழுந்து, புதுப் புடவையில் வழிந்தது.

வேண்டுமென்று ஊற்றினாளா, தானாகக் கொட்டியதா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அத்தை போட்ட சத்தத்தில் குழாய் வரிசையே கலைந்துவிட்டது. "ஊத்திட்டியா? இப்பவும் ஊத்திட்டியா? நீ திருந்தவே மாட்டியாட்டி! மோரியில தண்ணியை மெதுவா ஊத்து, மெதுவா ஊத்துன்னு எத்தனை தடவை தலையில அடிச்சிச் சொன்னேன்? எங்க அடுப்பு அணைஞ்சிருக்கு, மாவுல விழுந்திருக்கு, அந்த மனுசன் சாப்பிடுத தட்டுலயே சொட்டியிருக்கு!"

"தகரம் ஓட்டை. மழைத் தண்ணி."

"கோடையில மழை பெய்யுமோ? நீ குளிச்ச தண்ணிட்டி அது! வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிப்பே, சீயக்காத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள ஒழுகும். உம் பொண்ணு ராத்திரி முழுக்கப் படிக்கேன்னு நடந்துட்டே இருப்பா, எங்களுக்கு உறக்கம் கிடையாது. உம் மவன் பம்பரம் விடுவான், தூசி கொட்டும். உம் புருசன் இருமினா எங்க பாத்திரம் ஆடும். இருவது வருசம்! இருவது வருசமா எந் தலைக்கு மேல நாலு பேரு குடியிருந்து என்னை என்ன பாடு படுத்துனீங்க!"

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார்கள். அத்தைக்கு மட்டும் ஏனென்று புரியவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்ததாக என்ன திட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கும் புரிந்தது. அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா நாற்காலியிலிருந்து குனிந்தாள். அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னொரு மட்டம் சொல்லு மைனி."

அத்தை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். தண்ணீரைத்தான் துடைக்கிறாள் என்று நினைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தாள். தலைவர் பென்சிலும் அட்டையுமாகப் பக்கத்தில் வந்து, ரொம்பத் தயங்கி, "மாமி, ஏணிக்கு மேல நான் என்னன்னு போட்டுக்கட்டும்?" என்று கேட்டார்.

"வீடுன்னு போடுங்க" என்றாள் அத்தை. "நாலு பேரு இருந்தாவ. அவுக வீடு."

போட்டார். பக்கத்துக் கட்டத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கு மேலயும் ஒரு குடும்பம் சார், அஞ்சு பேரு" என்றார். அப்புறம் அடுத்த கட்டம். தலைவருக்கு எழுதிக் கை வலித்தது. எனக்குக் கண்ணை மறைத்தது. செயலாளர் அழக் கூடாது என்று பந்திப் பக்கம் போய்விட்டேன், போனால் உட்கார ஒரு நாற்காலி இல்லை.

திரும்பி வந்து பார்த்தபோது அம்மா இன்னும் மேலேதான் நின்றிருந்தாள். ஏறினவளுக்கு இறங்கத் தெரியவில்லை. அத்தை அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடித்தபடியே திட்டிக்கொண்டிருந்தாள். "மெதுவாட்டி. காலைக் கீழ வை. இன்னுங் கீழ. எந் தோளைப் பிடி" என்றாள். அம்மா பிடித்தாள்.